உல்சின் உப்பளம்: ஒரு தொழிற்சாலை பறவைகளின் ஊரான கதை

மாண்டினீக்ரோவுக்குப் பறவை பார்க்கப் போன கதையை எழுதச் சொல்லி நண்பர்கள் சிலர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். இத்தனை நாள் தள்ளிப்போட்டதற்குச் சோம்பல் மட்டும் காரணம் இல்லை. முதல் நாள் என் குறிப்பேட்டில் எழுதிய ஒரு வரியை இரண்டாம் நாள் நானே அடித்துவிட்டேன். ஏன் அடித்தேன்னு சொல்ல ஆரம்பித்தால் நூற்றைம்பது வருஷக் கதையைச் சொல்ல வேண்டியிருக்கும். இன்றைக்கு உட்கார்ந்து சொல்லிவிடுகிறேன்.

அடித்த வரி இதுதான்: "மனிதக் கை படாத இடம்."

ஏப்ரல் கடைசி. உல்சின் என்ற சின்ன ஊருக்கு வெளியே, காலை ஆறரை மணி. கண்ணுக்கு எட்டின வரை ஆழமில்லாத நீர்ப்பரப்பு, அதற்கு அப்பால் அல்பேனியா பக்கத்து மலைகள். நடுவில் பூநாரைகள் தலையைக் கவிழ்த்துக்கொண்டு மேய்ந்தன. கிட்டத்தில் நெடுங்கால் உள்ளான்கள், அந்த மெலிந்த சிவப்புக் கால்களில் எப்படித்தான் நிற்குதோன்னு தோன்றும். ஒரு மனிதச் சத்தம் இல்லை. அந்த நேரத்தில் யாராக இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பார்கள்.

மறுநாள் ஓர் உள்ளூர் வழிகாட்டியோடு போனேன். அவர் கழுத்தில் தொங்கிய தொலைநோக்கியைத் தொடவே இல்லை. நேராக ஒரு வரப்பின் மேல் ஏறி, மதகு ஒன்றின் பக்கத்தில் குனிந்து தண்ணீர் மட்டத்தைப் பார்த்தார். அடுத்த மதகுக்குப் போனார். அங்கேயும் அதே. மூன்றாவது மதகு முடிந்த பிறகுதான் பறவைகள் பக்கம் திரும்பினார். எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகவே இருந்தது. அப்புறம்தான் புரிந்தது, நான் நின்றுகொண்டிருந்தது ஏரி இல்லை, தொழிற்சாலை. மூடப்பட்ட உப்புத் தொழிற்சாலை.

கடலே இல்லாத நாட்டுக்குக் கடல் கிடைத்த விதம்

மாண்டினீக்ரோ என்பது வெனிஸ்காரர்கள் வைத்த பெயர். அந்த ஊர்க்காரர்கள் ச்ர்னா கோரா என்பார்கள். இரண்டுக்கும் ஒரே பொருள்: கருமலை. பெயருக்கு ஏற்றபடி 1878 வரைக்கும் அது வெறும் மலைநாடு. கடல் கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டாது. வடக்கே கோட்டோர் பக்கம் ஆஸ்திரியா-ஹங்கேரி, தெற்கே பார், உல்சின் எல்லாம் ஒட்டோமான் பேரரசு.

1878-ல் பெர்லின் மாநாடு நடந்தது. ரஷ்யாவிடம் தோற்ற ஒட்டோமான்களிடமிருந்து யார் யாருக்கு எவ்வளவு நிலம் என்று ஐரோப்பிய வல்லரசுகள் மேஜையில் வைத்துப் பங்கு போட்ட கூட்டம். மாண்டினீக்ரோவுக்குப் பார் துறைமுகம் கிடைத்தது. கூடவே மலைப்பகுதியில் ப்லாவ், குசின்யே என்ற இரண்டு ஊர்கள். ஆனால் அங்கே வாழ்ந்த அல்பேனியர்கள் ஆயுதம் எடுத்து எதிர்த்தார்கள். சரி, அதற்குப் பதிலாக உல்சினை எடுத்துக்கொள் என்று வல்லரசுகள் ஏற்பாட்டை மாற்றின. உல்சினிலும் இருந்தவர்கள் பெரும்பாலும் அல்பேனியர்கள்தான், அவர்களும் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் 1880-ல் ஆறு வல்லரசுகளின் போர்க்கப்பல்கள், பிரிட்டிஷ் தளபதி பொஷாம் சீமோரின் தலைமையில் அட்ரியாட்டிக் கடலில் வந்து நின்றன. சுல்தான் அசையவில்லை. ஸ்மிர்னா துறைமுகத்தின் சுங்க வருமானத்தைப் பறித்துக்கொள்வோம் என்று பிரிட்டன் மிரட்டியதும் அசைந்தார். ஒட்டோமான் படையே உள்ளூர் எதிர்ப்பை அடக்கி, நவம்பர் மாதம் ஊரை மாண்டினீக்ரோவிடம் ஒப்படைத்தது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், இன்றைக்கும் உல்சினில் கடைப் பலகைகள் இரண்டு மொழியில் இருக்கும். மசூதிக் கோபுரங்கள் தெரியும். பெரும்பான்மை மொழி அல்பேனியம்தான். அந்த நிலம் யாருடையது, அதை என்ன செய்யணும் என்ற முடிவெல்லாம் எப்போதும் தூரத்திலிருந்தே வந்திருக்கிறது. உப்பளத்தின் கதையிலும் இது திரும்பத் திரும்ப வரும்.

துப்பாக்கியோடு வந்த பறவை ஆர்வலர்கள்

இந்தக் கரைக்குப் பறவை பார்க்க வந்த முதல் வெளியூர்க்காரர்கள் எங்களைப் போலத் தொலைநோக்கியோடு வரவில்லை. 19-ம் நூற்றாண்டில் ஒரு பறவையைப் 'பார்த்தேன்' என்று எழுத வேண்டுமானால் அதைச் சுட்டு, தோலை உரித்து, பஞ்சு அடைத்து, அருங்காட்சியகத்தில் வைக்கணும். அப்போதுதான் நம்புவார்கள்.

லில்ஃபோர்ட் பிரபு என்ற ஆங்கிலேயர் 1850-களின் பிற்பகுதியில் தெற்கே அயோனியத் தீவுகளிலும் அல்பேனியக் கரையிலும் வேட்டையாடிக்கொண்டே குறிப்பெடுத்தார். அது 1860-ல் 'ஐபிஸ்' என்ற பறவையியல் இதழில் வந்தது. இதழ் தொடங்கி அப்போது ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. அடுத்து ஆஸ்திரியாக்காரர் ஓத்மார் ரைசர். சரயேவோ அருங்காட்சியகத்தில் பணியாற்றியவர், பால்கன் பகுதிப் பறவைகளை நாடு நாடாக எழுதியவர். மாண்டினீக்ரோ தொகுதி 1896-ல் வந்தது, லுட்விக் ஃபோன் ஃப்யூரர் அதன் இணை ஆசிரியர். இந்த மண்ணின் பறவைகளைப் பற்றிய முறையான அறிவு அங்கேதான் தொடங்குகிறது.

சுட்டுத் தள்ளியவர்கள் என்று இவர்களை ஒதுக்கிவிட எனக்கு மனசு வரவில்லை. அவர்கள் எழுதி வைக்காவிட்டால் எது போனது என்றே தெரிந்திருக்காது. மெல்லலகுக் கோட்டான் என்று சொல்லக்கூடிய ஒரு நீர்க்கரைப் பறவை இருந்தது. மெலிந்து வளைந்த அலகு, மார்பில் கரும்புள்ளிகள். ஆசியப் புல்வெளிகளில் பிறந்து, பால்கன் வழியாக மத்தியதரைக் கடலோரத்துக்குக் குளிர்காலத்தில் வரும். சந்தேகத்துக்கு இடமில்லாத கடைசிப் பதிவு 1995-ல், மொராக்கோவில். அது முற்றிலும் அழிந்துவிட்டது என்பதற்கான புள்ளியியல் ஆய்வு 2024-ல் வெளிவந்தது. வெளியிட்டது எந்த இதழ் தெரியுமா? அதே 'ஐபிஸ்'தான். லில்ஃபோர்டின் வேட்டைக் குறிப்பை அச்சிட்ட இதழ் 160 சொச்சம் வருஷம் கழித்து ஒரு பறவைக்கு இரங்கல் அச்சிட்டிருக்கிறது.

சதுப்பு நிலங்கள் போனதும், துப்பாக்கியும், இரண்டும் சேர்ந்துதான் இப்படிப்பட்ட பறவைகளைத் தீர்த்தன என்பது பொதுவான கருத்து. சதுப்பு நிலம் போனது என்கிறோமே, அது எப்படிப் போகும்? உல்சினில் அதைக் கண்ணால் பார்க்கலாம்.

ஆறு செய்த நிலம்

அட்ரியாட்டிக்கின் கிழக்குக் கரை பெரும்பாலும் சுண்ணாம்புப் பாறை. மலை நேராகக் கடலில் இறங்கும். அழகுதான், ஆனால் நடந்து மேயும் பறவைக்கு அங்கே என்ன இருக்கு? வட ஐரோப்பாவிலிருந்து ஆப்பிரிக்காவுக்குப் போய்வரும் பறவைகளுக்கு இந்தக் கரையில் இறங்கி இரை தேட நெரெத்வா ஆற்றுக் கழிமுகம், ஸ்காதர் ஏரி, போயானா ஆற்றுக் கழிமுகம், அதற்குத் தெற்கே அல்பேனியக் காயல்கள் என்று விரல்விட்டு எண்ணும் அளவு இடங்களே உண்டு. வசந்த காலத்தில் சஹாராவையும் கடலையும் தாண்டி வரும் பறவைக்கு இவை வழிச்சத்திரம் மாதிரி.

இதில் போயானாவின் கழிமுகம் சுவாரசியமானது. ஸ்காதர் ஏரியின் தண்ணீரைக் கடலுக்குக் கொண்டுபோகும் ஆறு இது, இன்றைக்கு இரண்டு நாட்டுக்கும் எல்லை. 1858-59 குளிர்காலத்தில் பெருவெள்ளம் வந்து, தெற்கே தனியாக ஓடிக்கொண்டிருந்த த்ரின் ஆறு வழி மாறி போயானாவில் கலந்தது. வண்டல் குவிந்தது. ஆற்று முகத்தில் மூழ்கிய ஒரு கப்பலைச் சுற்றி மணல் சேர்ந்து ஒரு தீவே உருவானது என்பார்கள். ஆதா போயானா என்று அதற்குப் பெயர், 'ஆதா' என்றால் துருக்கியில் தீவு. மேற்கே பன்னிரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளும் மணற்கரை, வெலிகா ப்ளாஷா, அதாவது பெரிய கடற்கரை. இதுவும் வண்டலின் கொடைதான்.

இந்தக் கடற்கரைக்குப் பின்னால் ஊரை ஒட்டி ஒரு சதுப்பு ஏரி இருந்தது. ஸோகாய் ஏரி. நாணல், மீன், கொசு. அல்பேனிய மொழியில் 'ஸோக்' என்றால் பறவை. 1928 முதல் 1939 வரை அல்பேனியாவை ஆண்ட மன்னரின் பெயரே ஸோக்தான், பறவை ராஜா. ஏரிக்கு அந்தப் பெயர் வந்த வழியை ஊர்ப்பெயர் அறிஞர்களுக்கு விட்டுவிடுகிறேன். கேட்டதும் எனக்கு ஒரு சிரிப்பு வந்தது, அவ்வளவுதான்.

அந்த ஏரி இப்போது இல்லை. நான் பூநாரை பார்த்தது அதன் மேலேதான்.

அரசாங்கத்துக்கு உப்பு வேணும்

உப்பை அட்ரியாட்டிக்காரர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. வெனிஸ் நகரம் பணக்காரன் ஆனதில் உப்புக்குப் பெரிய பங்கு. யார் காய்ச்சலாம், யாருக்கு விற்கலாம், என்ன விலை எல்லாமே வெனிஸ் வைத்ததுதான் சட்டம்.

முதல் உலகப் போர் முடிந்ததும் மாண்டினீக்ரோ தனி நாடாக இருக்கவில்லை, பின்னால் யூகோஸ்லாவியா என்று பெயர் மாறிய புதிய முடியரசில் கரைந்தது. அந்த அரசுக்கு உப்பு, புகையிலை, மண்ணெண்ணெய், தீக்குச்சி எல்லாம் ஏகபோக வியாபாரம். ஆனால் பிரான் பகுதியின் பேர்பெற்ற பழைய உப்பளங்கள் போருக்குப் பிறகு இத்தாலி வசம் போய்விட்டன. புதிய அரசு தன் கடற்கரையில் வெயில் அதிகமாகவும் நிலம் தட்டையாகவும் இருக்கிற இடத்தைத் தேடினால் கண்ணில் படக்கூடியது ஒன்றுதான்: உல்சின். வருஷத்துக்கு 2,500 மணி நேரத்துக்கு மேல் வெயில் அடிக்கும் ஊர்.

1920-களின் நடுவில் வேலை தொடங்கியது. ஸோகாய் ஏரியை வரப்பு கட்டித் தடுத்து, வடித்து, பாத்தி பாத்தியாகப் பிரித்தார்கள். 1930-களின் நடுவில் முதல் உப்பு வாரினார்கள். மொத்தம் சுமார் 1,500 ஹெக்டேர். இரண்டாம் உலகப் போர் முடிந்து சோஷலிச யூகோஸ்லாவியா வந்ததும் அது அரசுத் தொழிற்சாலையாக வளர்ந்தது. ஊரில் பல குடும்பங்களுக்குச் சோறு போட்டது அதுதான். 'சோலானா' என்றால் உள்ளூர் மொழியில் உப்பளம். ஆனால் உல்சினில் சோலானா என்று சொன்னால் அது வேலை, சம்பளம், ஓய்வூதியம்.

அன்றைய கண்ணோட்டத்தில் இது வளர்ச்சி. கொசு ஒழிந்தது, மலேரியா குறையும், சும்மா கிடந்த சேற்றிலிருந்து வருமானம். ஒரு ஏரி செத்துப்போனதாக யாரும் அழுதிருக்க மாட்டார்கள். அந்தக் காலத்தில் உலகம் முழுக்கச் சதுப்பை வடிப்பது நல்ல அரசாங்கத்தின் அடையாளம்.

தெரியாமல் வளர்த்த பறவைகள்

இங்கேதான் கதை திரும்புகிறது. உப்பளம் எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம், ஏனென்றால் எல்லாச் சூட்சுமமும் அதில்தான் இருக்கு.

கடல் தண்ணீரை அப்படியே பாத்தியில் விட்டுக் காயவைத்தால் நல்ல உப்பு கிடைக்காது. வசந்த காலத்தில் பம்ப் போட்டுக் கடல் தண்ணீரை முதல் பெரிய பாத்திக்கு ஏற்றுவார்கள். அட்ரியாட்டிக் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 38 கிராம் உப்பு. வெயிலும் காற்றும் அதைச் சுண்ட வைக்கும். கொஞ்சம் சுண்டியதும் மதகைத் திறந்து அடுத்த பாத்தி, அப்புறம் அதற்கடுத்த பாத்தி. வழியில் முதலில் சுண்ணாம்பும் பிறகு ஜிப்சமும் தங்கிவிடும். பழைய அளவில் பத்தில் ஒரு பங்காகச் சுண்டும்போது கடைசிப் பாத்தியில் சமையல் உப்பு பூக்கத் தொடங்கும். கோடை முடிவில், மழைக்கு முன்னால் வாரி எடுப்பார்கள். ஒரு மழை முன்கூட்டியே வந்தால் வருஷ உழைப்பு கரைந்தது.

இதனால் என்ன ஆகிறது? ஒரே வளாகத்துக்குள் லேசான உப்பிலிருந்து கடும் உப்பு வரை படிப்படியாக நீர்நிலைகள். முதல் பாத்திகளில் மீன் இருக்கும், அதனால் நீர்க்காகம், கொக்கு, கூழைக்கடா. நடுவில் மீன் வாழ முடியாது. மீன் இல்லாததால் தின்ன ஆளில்லாமல் உப்புநீர் இறால் கோடிக்கணக்கில் பெருகும். அதுதான் பூநாரைக்கு விருந்து. அதன் சிவப்பே அந்த இறாலிலும் பாசியிலும் உள்ள நிறமிதான், இரை மாறினால் வெளுத்துவிடும். பாத்திகளின் ஓரச் சேற்றில் உள்ளான்கள். கட்டாந்தரையான வரப்பிலும் நடுத்திட்டுகளிலும் சிற்றாலாவும் உப்புக்கொத்தியும் முட்டையிடும், சுற்றிலும் தண்ணீர் இருப்பதால் நரி எளிதில் வராது.

இன்னொன்று முக்கியம். மத்தியதரைக் கடலோரத்தில் மழை குளிர்காலத்தில்தான். ஜூலை, ஆகஸ்டில் இயற்கையான சதுப்புகள் வறண்டுவிடும். உப்பளத்திலோ அந்த மாதங்களில்தான் தண்ணீர் நிச்சயமாக இருக்கும், ஏனென்றால் அப்போதுதான் வேலை நடக்கும். தண்ணீர் மட்டத்தை ஒரு ஆள் தினமும் பார்ப்பான். கூடும் வேண்டாம், குறையவும் வேண்டாம். அவன் பார்ப்பது உப்புக்காக. ஆனால் தரையில் முட்டையிடும் பறவைக்கும் அதே நிதானம்தான் தேவை. திடீர்னு மட்டம் ஏறினால் கூடு முழுகும்.

இப்படி ஒரு பறவையையும் மனசில் நினைக்காமல், சம்பளத்துக்காக வேலை செய்த மனிதர்கள் தலைமுறை தலைமுறையாக ஒரு பறவைகள் சரணாலயத்தை நடத்திவந்தார்கள். இங்கே பதிவான பறவை இனங்கள் 250 வரும். ஜெர்மனியைச் சேர்ந்த யூரோநேச்சர் அமைப்பின் மார்டின் ஷ்னைடர்-யாகோபி போன்றவர்கள் இந்தக் கழிமுகத்தின் மதிப்பை ஐரோப்பாவுக்கு எடுத்துச் சொன்னார்கள். அட்ரியாட்டிக் வலசைப் பாதை என்ற கருத்தையே பலர் அறிந்துகொண்டது அவரால்தான். அவர் 2012-ல் காலமானார். அடுத்த வருஷம் நடந்ததைப் பார்க்க அவர் இல்லை.

பம்ப் நின்ற நாள்

1990-களில் யூகோஸ்லாவியா உடைந்தது. போர், ஐ.நா. பொருளாதாரத் தடை, பணவீக்கம். 2006-ல் பொதுவாக்கெடுப்பு நடத்தி மாண்டினீக்ரோ தனி நாடானது. இந்தக் கலவரங்களுக்கு நடுவே அரசுத் தொழிற்சாலைகள் தனியாருக்குப் போயின, உப்பளமும் போனது. வாங்கியவர்களுக்கு உப்பில் ஆர்வம் இருந்ததா, நிலத்தில் ஆர்வம் இருந்ததா என்பதை நீங்களே ஊகிக்கலாம். பன்னிரண்டு கிலோமீட்டர் கடற்கரைக்குப் பின்னால் 1,500 ஹெக்டேர் தட்டை நிலம் என்றால் சுற்றுலா முதலீட்டாளருக்கு எச்சில் ஊறாமல் இருக்குமா? வாங்கப்பட்டது நிலமா, அல்லது அதைப் பயன்படுத்தும் உரிமை மட்டுமா என்ற சண்டை வருஷக்கணக்கில் இழுத்தது.

2013-ல் உப்பு உற்பத்தி நின்றது. தொழிலாளர்கள் வீட்டுக்குப் போனார்கள்.

பறவை ஆர்வலர் ஒருவர் வெளியூரிலிருந்து இந்தச் செய்தியைப் படித்தால், நல்லதுதானே, தொழிற்சாலையை மூடிட்டாங்க, இயற்கை திரும்பி வரும் என்றுதான் நினைப்பார். நானும் நினைத்திருப்பேன். நடந்தது நேர்மாறு. பம்ப் ஓடாததால் கோடையில் கடல் தண்ணீர் உள்ளே வரவில்லை, பாத்திகள் காய்ந்தன. குளிர்கால மழையை இறைத்து வெளியேற்ற ஆளில்லை, அதனால் உப்புத்தன்மை குறைந்து நல்ல தண்ணீர் தேங்கியது. நல்ல தண்ணீரில் உப்புநீர் இறால் ஏது? வெற்றுத் தரையாக இருந்த திட்டுகளில் செடி முளைத்தது, வெட்டவெளியில் முட்டையிடும் பறவை அங்கே போகாது. வரப்புகளில் உடைப்பு. தண்ணீர் வற்றிய பாத்தி வழியாக நாயும் நரியும் நடந்தே கூட்டுக்கு வந்தன.

ஒரு தொழிற்சாலை மூடினால் தொழிலாளி நடுத்தெருவுக்கு வருவான் என்பது நமக்குத் தெரிந்த கதை. இங்கே அவனோடு சேர்ந்து உள்ளானும் வந்தது.

பிறகு ஒரு நீண்ட போராட்டம். உள்ளூர்ப் பறவை ஆய்வு அமைப்பான சி.சிப், யூரோநேச்சர், வேறு பல அமைப்புகள், சில ஐரோப்பியத் தூதரகங்கள் என்று பலரும் சேர்ந்தார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர மாண்டினீக்ரோ 2012 முதல் பேச்சு நடத்தி வருகிறது. 2018 டிசம்பரில் சுற்றுச்சூழல் பற்றிய 27-வது அத்தியாயம் திறக்கப்பட்டபோது, அதை முடிக்க வேண்டுமானால் உல்சின் உப்பளத்தைக் காக்க வேண்டும் என்பதும் நிபந்தனைகளில் ஒன்றாக வந்தது. ஒரு நாட்டின் எதிர்காலம் சில பாத்திகளின் தண்ணீர் மட்டத்தோடு முடிச்சுப் போடப்பட்டது. 2019-ல் உல்சின் நகராட்சி இதை இயற்கைப் பூங்காவாக அறிவித்தது. அதே வருஷம் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது.

1880-ல் போர்க்கப்பல், இப்போது ஐரோப்பிய ஒன்றியத்தின் அத்தியாயம். முடிவு நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் தூரத்திலிருந்து வரும் முடிவு என்ற வழக்கம் மாறவில்லை, பாருங்கள்.

அப்போ எதைக் காப்பாற்றுவது?

அன்றைக்கு இரவு அறையில் உட்கார்ந்து அந்த வரியை அடித்தேன். அடித்த பிறகு ஒரு கேள்வி வந்தது. இன்று வரை அதற்கு எனக்கு முழுசாகப் பதில் இல்லை.

இயற்கையைக் காப்பது என்றால் பழைய நிலைக்குக் கொண்டுபோவது என்றால், எந்தப் பழைய நிலை? 1934-க்கு முன்னால் இருந்த ஸோகாய் ஏரியா? அப்படியானால் வரப்பையெல்லாம் உடைத்து ஆற்றுத் தண்ணீரை விடலாம், நாணல் வரும். ஆனால் பூநாரை போகும், உப்புக்கொத்தி போகும். இந்த தொண்ணூறு வருஷத்தில் மத்தியதரைக் கடலோரத்தில் மற்ற எத்தனையோ உப்பங்கழிகள் விமான நிலையமாகவும் விடுதியாகவும் துறைமுகமாகவும் ஆகிவிட்டன. ஒரு காலத்தில் உபரியாக இருந்த இடம் இன்றைக்குக் கடைசிப் புகலிடங்களில் ஒன்று.

என் சார்பு உப்பின் பக்கம்தான். பூங்கா என்று பலகை நட்டுவிட்டால் போதாது, பம்ப் ஓடணும். பம்ப் ஓட மின்கட்டணம் கட்டணும், மதகு பார்க்க ஆள் வேணும், வரப்பு கட்ட மண் அள்ளணும். இதற்கெல்லாம் பணம் எங்கிருந்து வரும்? உப்பு விற்றால் ஒரு பகுதி வரும். எங்களைப் போன்ற பயணிகள் கொடுப்பது கொஞ்சம். ஸ்லோவேனியாவின் செச்சோவ்லியே உப்பளத்தில் இப்படித்தான் நடக்கிறது. பூங்காவாகவும் இருக்கிறது, பழைய முறையில் உப்பும் வாருகிறார்கள், அந்த உப்பு நல்ல விலைக்குப் போகிறது. உல்சினில் வேலையிழந்தவர்களுக்கு மதகு பார்க்கத் தெரியும். அந்தக் கை அறிவு எழுதி வைத்த புத்தகத்தில் இல்லை. அவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டால் அதுவும் போய்விடும். எனக்கு உண்மையில் அவசரமாகத் தோன்றுவது இதுதான்.

மறுபக்கம் அழுத்தமும் குறையவில்லை. 2025-ல் மாண்டினீக்ரோ ஐக்கிய அரபு அமீரகத்தோடு சுற்றுலா ஒத்துழைப்பு ஒப்பந்தம் செய்தபோது, பெரிய கடற்கரையில் மாபெரும் கட்டடத் திட்டம் வரப்போகிறது என்ற பேச்சு எழுந்து உல்சின் மக்கள் தெருவில் இறங்கினார்கள். உப்பளம் அந்தக் கடற்கரைக்கு முதுகை ஒட்டி இருக்கிறது.

போக நினைப்பவர்களுக்கு

ஏப்ரல் நடுவிலிருந்து மே நடுவரை போங்கள், வலசை உச்சத்தில் இருக்கும். செப்டம்பரும் நல்லது. பாட்கோரிட்ஸாவிலிருந்து பார் வரை ரயிலில் போனால் ஸ்காதர் ஏரியைத் தண்ணீர் மட்டத்திலேயே கடப்பீர்கள், இடதும் வலதும் ஏரி. அங்கே டால்மேஷியக் கூழைக்கடா கூடு கட்டுகிறது. 1832-ல் ப்ரூக் என்ற ஜெர்மானியர் டால்மேஷியாவில் கிடைத்த பறவையை வைத்து விவரித்ததால் அந்தப் பெயர். இன்றைக்கு டால்மேஷியாவில் அது கூடு கட்டுவதில்லை, பெயர் மட்டும் மிச்சம். பாரிலிருந்து உல்சினுக்குப் பேருந்தில் முக்கால் மணி நேரம். போர்ட் மிலேனா கால்வாய் ஓரம் நம்ம கொச்சியில் இருக்கிற சீன வலை மாதிரியே பெரிய தூக்கு வலைகளோடு மரக் குடிசைகளைப் பார்க்கலாம்.

உப்பளத்துக்குள் வரப்பை விட்டு இறங்காதீர்கள், காலடியிலேயே முட்டை இருக்கும். பறவை பார்க்கும் முன் ஒரு மதகைப் பாருங்கள். தண்ணீர் எவ்வளவு இருக்கு, எங்கிருந்து வருது, யார் திறக்கிறாங்கன்னு கேளுங்கள். அதிலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

கடைசி நாள் ஒரு காய்ந்த பாத்தியின் ஓரத்தில் சின்னப் பறவை ஒன்று ஓடி ஓடி நின்றது. ஆங்கிலேயர்கள் அதற்குத் தங்கள் கென்ட் மாவட்டத்தின் பெயரை வைத்திருக்கிறார்கள். பிரிட்டனில் அது கூடு கட்டுவதை விட்டுப் பல காலம் ஆயிற்று. தமிழில் அந்தக் குடும்பத்துக்கே உப்புக்கொத்தி என்று பெயர். அந்தப் பெயரை வைத்தவர் பறவையையும் உப்பையும் சேர்த்தே பார்த்திருக்கிறார். குறிப்பேட்டில் அடித்த வரிக்குக் கீழே அந்தப் பெயரை எழுதிக்கொண்டு ஊர் வந்தேன்.